இன்னொருத்தரையும் கேட்டுடலாம்

மூன்று ஹிம்சாகர் மாம்பழம் வாங்க தீதிக்கு அரை மணி நேரம் வேண்டும். பவானிபூர் மார்க்கெட்டில் முதல் கடைக்காரரிடம் ஒரு பழத்தைக் கையில் எடுத்து, “இது இன்னிக்குச் சாப்பிடற பழமா, நாளைக்குச் சாப்பிடற பழமா?” என்று கேட்பார். “இன்னிக்கு” என்பார் அவர். தீதி தலையாட்டிவிட்டு, அதே பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவார்.

“தீதி! என் பழம்!” என்று பின்னால் சத்தம் வரும்.

“எங்கே போயிடப்போறது? இன்னொருத்தரையும் கேட்டுடலாம்.”

இரண்டாவது கடைக்காரர் அந்தப் பழத்தை முகர்ந்து பார்த்து, “நாளைக்கு” என்பார். மூன்றாவது ஆள், தன் கடைப் பழம் இல்லை என்று தெரிந்ததும், “இது நேத்தே சாப்பிட்டிருக்க வேண்டிய பழம்” என்பார். மூன்று பேர், மூன்று பதில். தீதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “தாருண்!” என்று கத்துவார். பிரமாதம் என்று சொல்ல வங்காளத்தில் அதைவிட நல்ல சொல் இல்லை. மூன்று கடையிலும் ஒவ்வொரு பழம் வாங்கி, வீட்டுக்குப் போய் அந்த முதல் பழத்தை அறுத்துப் பார்த்து, யார் சொன்னது சரி என்று மறுநாள் அவர்களிடமே போய்ச் சொல்லுவார். எனக்குத் தெரிந்து, மாம்பழ வியாபாரிகளுக்கு ரிசல்ட் கொண்டுவந்து கொடுத்த ஒரே மனிதர் அவர்தான்.

பட்டறையில் சோதனைகள் அவர் பொறுப்பு. எல்லோரும் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் அழைத்தோம். அவரைவிட இருபது வயது மூத்த கோபால்தாவும் அப்படித்தான் கூப்பிடுவார். தீதிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும், எனக்கு இருபத்திரண்டு. பாங்கி வேலைக்காகத் தாத்தா காலத்தில் கல்கத்தா வந்து பவானிபூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பட்டறையில் வங்காளமும் இந்தியும்தான் புழங்கும். என்னிடம் மட்டும், வேகம் பிடித்துவிட்டால், தமிழுக்கு மாறிவிடுவார்.

பட்டறை கார்டன் ரீச்சில், ஆற்றங்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது. ஒரு காலத்தில் கப்பல் பாய்லர்களுக்கு பிரஷர் கேஜ் செய்த இடம். நான் சேர்ந்தபோது அங்கே ராக்கெட்டுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்பவில்லை. அப்பா கப்பல்களில் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா மெட்டியாபுரூஸ் தையல் கடைகளிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டிக் கொடுப்பவர். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவள். பட்டறை கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போயிருக்கிறேன். கோபால்தா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏ டிப்ளமோ!” என்றுதான் கூப்பிடுவார்.

ராக்கெட் என்றால் முழு ராக்கெட் இல்லை. மனிதர்கள் ஏறிப்போகும் ராக்கெட்டின் உச்சியில் ஒல்லியாக இன்னொரு ராக்கெட் இருக்கும். கிளம்பும்போது கீழே ஏதாவது கெட்டுப்போனால், மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் கூண்டை அப்படியே பிடுங்கிக்கொண்டு தூரமாகப் பறந்து, கடலுக்கு மேலே விட்டுவிடும். அப்புறம் பாராசூட் விரியும். எல்லாம் சரியாகப் போனால் அந்தச் சின்ன ராக்கெட்டுக்கு வேலையே இல்லை, வழியிலேயே கழன்று விழுந்துவிடும்.

ஆனால் கீழே கெட்டுப்போனது என்று அதற்கு யார் சொல்வது? அதைச் சொல்லும் கருவிகள் பல. அவற்றில் ஒன்று எங்களுடையது. என்ஜினில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால் ‘டிக்’ என்று தட்டும் சுவிட்ச், கட்டைவிரல் பருமன். ஓர் இடத்தில் மூன்று வைப்பார்கள். மூன்றில் இரண்டு தட்டினால்தான் தப்பிக்கும் ராக்கெட் பற்றும். ஒன்று மட்டும் தட்டினால் அது பொய்யாக இருக்கலாம், நல்ல ராக்கெட்டை விட்டுவிட்டு ஓடியதாகிவிடும். மூன்றும் தட்டட்டும் என்று காத்திருந்தால், கெட்டுப்போன சுவிட்ச் ஒன்றுக்காக உள்ளே இருப்பவர்கள் உயிரை விட வேண்டியிருக்கும்.

நான் வேலையில் சேர்ந்த அன்று, கையில் தேநீர் மண்குவளையோடு இதைத் தீதி ஒரே மூச்சில் சொன்னார். சொல்லிவிட்டு, “புரிஞ்சுதா?” என்றார். புரிந்தது என்றேன். உடனே கோபால்தாவைப் பார்த்து, “இவளுக்குப் புரிஞ்சுதா?” என்று கேட்டார். கோபால்தா உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து மேஜையிலிருந்த ரெஹானாவைக் கேட்டார். ரெஹானா மெட்டியாபுரூஸ் பெண், எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவள். “பாதி புரிஞ்சிருக்கும்” என்றாள். தீதி திருப்தியாகத் தேநீரைக் குடித்தார். எனக்குக் காது சுட்டது.

அந்த முறையை அவர் சுவிட்சிலிருந்து கற்றாரா, அல்லது பிறவியிலேயே அப்படியா, தெரியாது. அவருடைய அம்மா ஒரு முறை என்னிடம் புலம்பினார். பெண் பார்க்க வந்த குடும்பத்தில், பையனின் அம்மா, அக்கா, பையன் மூவரையும் தீதி தனித்தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்: “அவருக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவார்?”

அம்மா, “என் பையனுக்குக் கோபமே வராது” என்றார். அக்கா, “தட்டைத் தூக்கி எறிவான்” என்றார். பையன், “பேசாம இருந்துடுவேன்” என்றான்.

“ரெண்டு கூடச் சேரலையேம்மா, நான் என்ன பண்றது?” என்று தீதி கையை விரித்தாராம். வந்தவர்களைச் சந்தோஷமாக வாசல்வரை போய் வழியனுப்பினார். தெருமுனைவரை அவர்கள் காதில் விழும்படி சிரித்தார் என்பதுதான் தீதியின் அம்மாவுக்குக் குறை.

கல்கத்தாவில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தெரியாதவர் இன்னும் விரிவாகச் சொல்வார். இந்த ஊர் தீதிக்கென்றே கட்டப்பட்டது என்று நினைத்துக்கொள்வேன். அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் ஒரு பேப்பர் கொடுக்கப் போனோம். வழியில் ஒருவர் இடது பக்கம் என்றார், ஒருவர் அந்த அலுவலகம் இடம் மாறிவிட்டது என்றார், மூன்றாமவர் எங்கள் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் படித்துப் பார்த்து, முதலில் இதில் ஒரு பிழை இருக்கிறது என்றார். நின்று பார்த்தால் உண்மையிலேயே பிழை இருந்தது. தீதி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் மனிதர் பயந்துபோனார்.

என் பேச்சை மட்டும் வைத்து அவர் எதையும் செய்ததில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. என் வீட்டில் நான் சொன்னால் வேதம். ரேஷன் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, கரண்ட் பில்லில் என்ன போட்டிருக்கிறது, எல்லாவற்றுக்கும் அப்பா என் முகத்தைத்தான் பார்ப்பார். இங்கே, “நான்தான் பாத்தேனே தீதி” என்றால், “பாத்தே. சரி. இன்னொருத்தரையும் கேட்டுடலாம்” என்பார். முகத்தில் துளி சந்தேகம் இருக்காது. அதுதான் எரிச்சல். என்னைச் சந்தேகப்பட்டால் சண்டையாவது போடலாம்.

சோதனை நாட்களில் அவரைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடுவார். சுவிட்சைக் குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, உலுக்கு மேஜையில் பல் ஆடும் அளவுக்கு உலுக்கி, கடைசியில் அழுத்தக் குழாயில் பூட்டுவோம். நைட்ரஜனை ஏற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். எந்த அளவில் சுவிட்ச் தட்டுகிறதோ அந்த நொடியில் மேலே சிவப்பு விளக்கு எரியும். “ஜொல்லோ!” என்று கத்துவார் தீதி. எரிந்துவிட்டது! ஆயிரம் தடவை எரிந்த விளக்குக்கும் முதல் தடவைபோலவே கத்துவார்.

அந்த நொடியில் மூன்று பேர், மூன்று கேஜில், அளவைப் பார்க்க வேண்டும். கோபால்தா, ரெஹானா, நான். ஒவ்வொருவருக்கும் தனி கேஜ், நடுவில் பிளைவுட் தடுப்பு. பார்த்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, தீதியின் டிபன் டப்பாவில் போட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கணினியும் தனியாகப் பதிவு செய்யும். “அது நாலாவது ஆள். அதுக்குப் பசிக்காது, அதனால கொஞ்சம் கம்மியா நம்பலாம்” என்பார் தீதி. சீட்டுகளில் கடைசி எண் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். எப்போதும் நடுவில் நிற்பது என் எண்தான். அது எனக்கும் தெரியும், மற்ற இருவருக்கும் தெரியும்.

இனி அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

ஊரின் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள் மோதும் நாள் அது. கோபால்தா காலையிலேயே மேல்சட்டைக்குள் தன் கிளப்பின் பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தெற்கேயிருந்து வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், தமிழர். பன்னிரண்டு சுவிட்சுகள். மதியத்துக்குள் அளந்து முடித்தால், நான்கு மணிக்கு வண்டி ஏற்றி, மாலை விமானத்தில் அவரே கையோடு கொண்டுபோய்விடுவார். சின்னதாக ஒரு ராக்கெட்டில் ஆளில்லாத கூண்டை ஏற்றி, வேண்டுமென்றே நடுவழியில் தப்பிக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அவை போக வேண்டும். தாமதித்தால் அடுத்த வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று முதலாளி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை மாலிக் என்போம். அவர் மேஜையில் இன்னொன்றும் இருந்தது, என்னை நிரந்தரமாக்கும் கடிதம். திங்கட்கிழமை கையெழுத்து ஆகும் என்று சொல்லியிருந்தார். வீட்டில் அம்மா அதற்குள் நான்கு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம் கணினிப் பதிவுக் கருவியும் என் கேஜும் சரிபார்க்கப் போயிருந்தன. கையால் எடுத்த அளவே போதும் என்று இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொண்டார். எனக்கு மட்டும், பழைய பாய்லர் அலமாரியிலிருந்து வேறு ஒரு நல்ல கேஜை எடுத்து மாட்டினார்கள்.

முதல் விளக்கு எரிந்தது. தீதி கத்தினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கோபால்தா போனில் பதினொரு பேர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. “கொத்தோ?” என்று கிசுகிசுத்தார். எவ்வளவு?

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இந்தப் பக்கம் ரெஹானாவும் பேனாவைப் பிடித்தபடி தடுப்பு ஓரமாக எட்டி என்னைப் பார்த்தாள். முந்தைய வாரம் அவள் எண் மட்டும் விலகி நின்றதென்று கோபால்தா அவளைக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவளுக்காக என் சீட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். பன்னிரண்டு தடவை இப்படி. வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தைந்து வருடம் கேஜ் பார்த்தவர் என்னைக் கேட்டு எழுதுகிறார்.

தீதி டப்பாவைத் திறந்தார். மூன்று சீட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். இன்னும் மூன்று. இன்னும் மூன்று. எல்லாம் கடைசிப் புள்ளிவரை ஒன்று.

“பாத்தீங்களா தீதி! மூணும் ஒண்ணு!” என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் பார்த்ததில்லை. மேளா போகக் கிளம்பிய குழந்தையிடம் மழை என்று சொன்னதுபோல.

“ஹௌராவுக்கு வழி கேட்டா மூணு பேர் ஒரே மாதிரி சொல்லுவாளா?” என்று மெல்லக் கேட்டார். “சொன்னா, அவா முன்னாடியே பேசி வெச்சிண்டிருக்கான்னு அர்த்தம்.” பிறகு உரக்க, “இது மூணு பேர் இல்லே, ஒருத்தர். வண்டி வேண்டாம். திரும்ப அளக்கணும்” என்றார்.

மாலிக் எழுந்து வந்துவிட்டார். “எண் வித்தியாசமா வந்தா திரும்ப அளக்கறேன்னு சொல்வே, சரி. ஒரே மாதிரி வந்தாலும் திரும்ப அளக்கறதா? அப்போ எப்படி வந்தா உனக்குப் பிடிக்கும்?”

“கொஞ்சம் சண்டை போட்டுண்டு வந்தா பிடிக்கும்.”

“வண்டி வாசல்ல நிக்குது!”

“நிக்கட்டும். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுங்கோ.”

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மேடம், காரணம் சொல்லுங்க. என்ன தப்புன்னு சொன்னா நான் எழுதிக்கறேன். சந்தேகத்த மட்டும் எப்படி எழுதறது?”

தீதியிடம் காரணம் இல்லை. என்னிடம்தான் இருந்தது, அதுவும் பாதி. நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது தவறு. ஆனால் என் எண் சரியானதுதானே, அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை உறுதி செய்துகொள்ளத்தான் என் தடுப்புக்குப் போனேன். குழாயில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருந்தது. என் கேஜைப் பார்த்தேன். தடுப்பைத் தாண்டி எட்டி கோபால்தாவின் கேஜைப் பார்த்தேன்.

ஒன்றாக இல்லை.

பழைய கேஜின் முகத்தில் இரண்டு வளையமாக எண்கள் இருக்கும். உள்ளே ஓர் அலகு, வெளியே இன்னோர் அலகு. நூறுக்கு இரண்டு என்ற கணக்கில் வித்தியாசம். என் வழக்கமான கேஜில் எங்களுக்கு வேண்டிய அலகு வெளி வளையத்தில் இருந்தது. இதில் உள் வளையத்தில் இருந்தது. அரிசி அளவு எழுத்தில், முகத்தின் அடியில் எழுதியும் இருந்தது. வீட்டிலேயே படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி, அதைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

வெளியே மாலிக்கின் குரல் கேட்டது. “இந்தம்மா சொல்றதுக்கு ஆதாரம் இல்லை சார். நீங்க கையெழுத்துப் போடுங்க.” பேனா மூடி திறக்கும் சத்தம்கூடக் கேட்டது என்று இப்போது தோன்றுகிறது, அது கற்பனையாக இருக்கலாம். திங்கட்கிழமைக் கடிதம் நினைவுக்கு வந்தது. அம்மா சொல்லிவைத்த நான்கு பேரின் முகமும் வந்தது. நான் பேசாமல் நின்றால் போதும், பன்னிரண்டும் வண்டி ஏறிவிடும். யாருக்கும் தெரியாது.

வெளியே வந்தேன். “எல்லா எண்ணும் தப்பு” என்றேன்.

மாலிக், “எது?” என்றார்.

“எல்லாம். நான் தப்பான வளையத்தைப் படிச்சிட்டேன். அதையே இவங்களுக்கும் சொன்னேன்.”

“சொன்னது அவ. கேட்டது நான்” என்று கோபால்தா எழுந்தார். கிளப் பனியன் காலருக்குள் தெரிந்தது. ரெஹானாவும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

தீதி என்னிடம் பாய்ந்து வந்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். “தாருண்! எவ்வளவு வித்தியாசம்? எந்தப் பக்கம்? சுவிட்ச் சீக்கிரமாச் சொல்றதா, லேட்டாச் சொல்றதா? சொல்லு, சொல்லு!”

அவர் கண்ணில் அத்தனை வெளிச்சம். என் வேலை போகப்போகிறது, இந்த மனுஷிக்குச் சந்தோஷமா என்று ஒரு கணம் அவரை வெறுத்தேன். அடுத்த கணம் தலை தானாகக் கணக்குப் போட்டது.

“லேட்டா” என்றேன். “நாம எழுதினதைவிடக் கீழ போனப்பறம்தான் தட்டுது.”

தீதி செருப்பைக் கழற்றி எறிந்தார்.

திரும்ப அளந்தோம். சரியான வளையத்தில், வாய் திறக்காமல், மூன்று பேர். சீட்டுகள் முன்பின்னாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தன. தீதி ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது, “ஆஹா, பாரு, பாரு” என்று பரிசுச்சீட்டு பிரிப்பவரைப்போல் குதித்தார். வெளியே எங்கோ வெடி வெடித்தது. யாரோ கோல் போட்டிருந்தார்கள். யார் என்று கோபால்தா போனை எடுத்துப் பார்க்கவில்லை.

ஒன்பது சுவிட்ச் எல்லைக்குள் இருந்தன. மூன்று வெளியே நின்றன. காலையில் நான் எழுதிய எண்களில் அந்த மூன்றும் நல்ல பிள்ளைகளாக உள்ளே இருந்தவை. இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். அந்த மூன்றும் ஒரே இடத்தில் மாட்டப்பட்டிருந்தால், தப்பிக்கும் ராக்கெட் பற்ற ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமாகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னிடம் தமிழில் சொன்னார்: “மேல போகப்போறவங்கள்ல ஒருத்தர் எங்க கான்டீன்ல என் பக்கத்துல உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்காரும்மா. ஊறுகாய் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.”

அறிக்கைப் படிவத்தில், பிழை நேர்ந்தால் நிரப்ப இரண்டு கட்டங்கள் உண்டு. பிழை செய்தவர், பிழையைக் கண்டவர். தீதி மாலிக்கின் எதிரிலேயே உட்கார்ந்து, முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினார். ஒரு எழுத்தும் குறையாமல், முழுப் பெயர். பிறகு இரண்டாவது கட்டத்திலும் அதே பெயரை எழுதினார்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடப் போனவர் நிமிர்ந்தார். “ரெண்டு எடத்துலயும் ஒரே பேரா இருக்கே? மாத்தி எழுதிட்டீங்களா?”

“இல்லே சார். ரெண்டும் அவதான்.”

“சந்தேகப்பட்டது நீங்கல்ல?”

“சந்தேகத்துக்குக் கட்டம் இல்லையே” என்றார் தீதி.

கதைகளில் வருவதுபோல் மாலிக் மனம் மாறி அன்றே கடிதத்தைக் கொடுத்துவிடவில்லை. ஆறு மாதம் தள்ளிவைத்தார். கோபால்தாவுக்கும் ரெஹானாவுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எங்களிடம் வேலை வாங்குவதை வாடிக்கையாளர் நிறுத்தவில்லை, ஆனால் அது அன்று யாருக்கும் தெரியாது. வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அம்மா கத்தரிக்கோலை நிறுத்தவே இல்லை.

“ஒரு நூலு தொங்குனா மூட்டையவே திருப்பி அனுப்புறான். தெரியாத நூல யாரு போய் காட்டுவா? நீயே போய் இழுத்துக் காட்டிட்டு வந்திருக்க.”

“உசுரு போற நூலும்மா.”

“எனக்கு இன்னா தெரியும், நீ படிச்சவ” என்றார். எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் வசவாக வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அதன்பின் வேலையைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நான்கு மாதம் கழித்து அந்தச் சோதனை ராக்கெட் கிளம்பும் நாள் வந்தது. பட்டறைக்கு விடுமுறை. காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் தீதி, கையில் இனிப்புப் பெட்டி.

“உங்காத்துல டிவி இருக்கோன்னோ? நான் இங்கேதான் பாக்கப்போறேன்.”

“உங்க வீட்ல?”

“எங்காத்துல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒரே மாதிரி பேசுவா. போர் அடிக்கும்.”

சட்டை மூட்டைகளுக்கு நடுவே கட்டிலில் இடம் பிடித்து உட்கார்ந்தார். அப்பா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு மூலைக்குப் போனார். பக்கத்து வீட்டு வங்காளி மாஷி, எதிர் வீட்டுப் பெண்கள், எல்லோரும் வந்துவிட்டார்கள். திரையில் ராக்கெட் நின்றது. அதன் உச்சியில், ஒல்லியாக, எங்களுடையது.

எண்ணிக்கை இறங்கியது. ஐந்து, நான்கு என்று வரும்போது நின்றுவிட்டது. கணினி தானாக நிறுத்திவிட்டது என்று அறிவிப்பு வந்தது. “ஐயோ” என்றாள் எதிர் வீட்டுப் பெண். தீதி கட்டிலில் எழுந்தே நின்றுவிட்டார். “நிறுத்திடுத்து! பாத்தேளா, நிறுத்திடுத்து! எதையோ பாத்துட்டு நிறுத்தியிருக்கு!” ராக்கெட் கிளம்பியிருந்தாலும் அப்படிக் கைதட்டியிருப்பாரா என்று தெரியவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூடவே தட்டினார்.

காத்திருந்த நேரத்தில் அம்மா கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டுத் தீதியைப் பார்த்தார்.

“ஏம்மா, இவ பண்ண தப்பு அதுக்குள்ள இருக்கா?”

தீதி, “அதை நான் சொல்லப்படாது. அவளையே கேளுங்கோ” என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். நான்கு மாதத்தில் முதல் கேள்வி.

“இல்லம்மா” என்றேன். “மூணையும் எடுத்தாச்சு. செகப்பு பெயிண்ட் அடிச்சு பீரோவுல பூட்டியிருக்கு. மேல இருக்கறது எல்லாம் சரியானது.”

“நீ அளந்ததா?”

“நானும் அளந்தேன்.”

அம்மா தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். எண்ணிக்கை திரும்ப ஆரம்பித்தது. இம்முறை நிற்கவில்லை. நெருப்பு, புகை, பிறகு சத்தம். தீதி என் மணிக்கட்டைப் பிடித்தார், இன்னொரு கையால் அம்மாவின் கையையும் பிடித்தார். ராக்கெட் ஏறிக்கொண்டே போனது. “இப்போ... இப்போ...” என்று முணுமுணுத்தார். உச்சியில் பளீரென்று ஒரு வெளிச்சம். கூண்டைக் கவ்விக்கொண்டு, பெரிய ராக்கெட்டைக் கீழே விட்டுவிட்டு, எங்கள் ஒல்லி ராக்கெட் பக்கவாட்டில் பாய்ந்தது. ஒரு குழந்தையைக் கூட்டத்திலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல. எங்கள் வீட்டுச் சுவர் அதிர்ந்தது, கத்தல்தான் காரணம். கடலுக்கு மேலே முதலில் சின்னப் பாராசூட், பிறகு பெரியவை, ஒவ்வொன்றாகப் பூத்தன.

அப்பா கேட்டார், “உள்ள ஆளு யாரும் இல்லல்ல?”

“இல்லப்பா. அவங்க அப்புறம்தான். இன்னும் நெறைய சோதிக்கணும்.”

“அப்ப போய் சோதிங்க” என்றார் அப்பா, நாங்கள் இங்கே உட்கார்ந்து நேரத்தை வீணாக்குவதுபோல.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மாஷியிடம், தனக்குத் தெரிந்த வங்காளத்தில், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “அதுல தப்பா இருந்த மூணைக் கண்டுபிடிச்சது என் பொண்ணு.”

மாஷி ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினார். தீதிக்குப் பொறுக்கவில்லை. இனிப்பை வாயில் வைத்துக்கொண்டே, நல்ல வங்காளத்தில் சேர்த்தார்: “முதல்ல அதையெல்லாம் சரின்னு தப்பா எழுதினதும் இவதான், மாஷி.”

அம்மா தீதியை முறைத்தார். தீதி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மாஷியின் கைகள் பாதியில் நின்றன. இரண்டில் எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு இரண்டுக்கும் சேர்த்துத் தட்டினார்.